காபிக்கு முந்தைய அரை மணி நேரம்

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு பலவீனமாகிவிட்டது, டாக்டர் மாத்திரையோ ஊசியோ எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. முப்பது வருஷம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் நான், இப்போது அதே மாத்திரையை ஞாயிறுதோறும் விழுங்குகிறவளும்கூட. இரண்டையும் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. ஸ்கேனில் எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்ததால் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருஷமாகத் தைராய்டு மாத்திரையும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறேன். இரண்டுமே வெறும் வயிற்றில் என்றால் எது முதலில்? மூன்றாவது வாரமே நெஞ்சு எரிய ஆரம்பித்துவிட்டது. காபி குடிக்காமல் இருந்தால் தலைவலி வேறு.
— வாசகி, ஸ்ரீரங்கம்

முதலில் ஒரு சந்தேகம். மாத்திரையை எவ்வளவு தண்ணீரில் விழுங்குகிறீர்கள்? கடிதத்தில் அது இல்லை. என்னிடம் நெஞ்செரிச்சல் என்று வந்தவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். முக்கால்வாசிப் பேர் "ஒரு வாய் தண்ணி" என்பார்கள், சிலர் படுக்கையில் இருந்தபடியே விழுங்கிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டதையும் சொல்வார்கள்.

இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். அதனால்தான் ஒரு முழு டம்ளர், அதாவது 200 மில்லி அளவுக்குத் தண்ணீர் வேண்டும், விழுங்கிய பிறகு அரை மணி நேரமாவது முதுகு நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ நடக்கவோ வேண்டும். மென்று தின்பது, சப்பிச் சாப்பிடுவது, உடைத்துப் போடுவது எதுவும் கூடாது.

என் ஞாயிற்றுக்கிழமையை அப்படியே சொல்கிறேன். ஐந்தே முக்காலுக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டு, முந்தின ராத்திரியே மேஜையில் எடுத்து வைத்த மாத்திரையை ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்குவேன், தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன். அடுப்பங்கரைக்குள் போக மாட்டேன், டிகாக்‌ஷன் வாசனை வந்தால் மனசு தாங்காது. மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினால் அரை மணி ஓடியிருக்கும். அப்புறம்தான் தைராய்டு மாத்திரை, அதற்கும் தண்ணீர் மட்டும். இன்னொரு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. ஆக வாரத்தில் ஒரே ஒரு நாள் காபி ஏழு மணிக்கு மேல் தள்ளிப்போகிறது, மற்ற ஆறு நாளும் உங்கள் வழக்கப்படிதான். தலைவலி வருகிறவர்கள் அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துகொள்ளலாம், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒரு வாய் காபி குடித்தால் என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலே இந்த மருந்தில் 100-க்கு 1 பங்குகூட உடம்புக்குள் ஏறுவதில்லை. 70 மில்லிகிராம் விழுங்கினால் ரத்தத்துக்குப் போவது ஏறக்குறைய அரை மில்லிகிராம். காபியோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ போட்டால் அந்த அரையிலும் பாதிக்கு மேல் போய்விடும், இட்லி சாப்பிட்ட கையோடு போட்டால் அநேகமாக ஒன்றுமே ஏறாது. பணம் கொடுத்து வாங்கி மண்ணில் போட்ட கதைதான். பாலும் கால்சியமும் இன்னும் மோசம், மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஊர்த் தண்ணீர் சோறு வடித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற ரகமாக இருந்தால், அந்த ஒரு டம்ளருக்கு மட்டும் வடிகட்டின தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரையை அன்றைக்கு மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் எல்லா நாளும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால் உங்களுக்கு எப்படியும் மதியம்தான் தோது.

இவ்வளவும் செய்த பிறகும் எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். விழுங்கும்போது வலி, நடு நெஞ்சில் வலி, சாப்பாடு தொண்டையில் நிற்பது போல இருப்பது இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் போய்ப் பார்க்க வேண்டும். உணவுக்குழாய் சுருக்கம் உள்ளவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், ரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பவர்கள், சிறுநீரகம் ரொம்பவே தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரையே சரிப்படாது. அவர்களுக்கு எது பொருந்தும் என்று ரத்தத்தில் கிரியாட்டினினையும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) கால்சியத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆரம்பிக்கும் முன் இந்த இரண்டையும் உங்களுக்குப் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு மாத்திரையை மறந்துவிட்டேன். புதன்கிழமைதான் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு இரண்டாகப் போடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

கூடாது. புதன் ஞாபகம் வந்தால் வியாழன் காலை வெறும் வயிற்றில் ஒன்று, அப்புறம் வழக்கம்போல ஞாயிறு ஒன்று. ஒரே நாளில் இரண்டு மட்டும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் பயங்கரம், வார மாத்திரையைத் தினமும் போட்டுவிடுவது. பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் போட்டு வைக்கிற அதே டப்பாவில் இதையும் போட்டு வைத்தால் நடக்கும். அட்டையின் பின்பக்கம் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, அட்டையைத் தனியாகக் காலண்டருக்குப் பக்கத்தில் செருகி வையுங்கள். மாதம் ஒரு முறை போடுகிற ஐபாண்ட்ரோனேட் 150 மில்லிகிராம் என்றால் காத்திருப்பு அரை மணி இல்லை, ஒரு மணி நேரம். தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம், மேலே வரும்போது மறுபடி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, படுக்காமல், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டி வலி துளியும் குறையவில்லை. நிறுத்திவிட்டுப் பிரண்டைத் துவையல் சாப்பிடச் சொல்கிறார் என் ஓரகத்தி. வயது 63.
— வாசகி, அருப்புக்கோட்டை

இந்த "எலும்புத் தேய்மானம்" என்ற ஒரே சொல்லை இரண்டு நோய்க்கும் வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு கொஞ்சமில்லை. முட்டியில் வருவது மூட்டுத் தேய்மானம், இரண்டு எலும்புக்கு நடுவில் உள்ள குருத்தெலும்பு தேய்வது. நீங்கள் மாத்திரை சாப்பிடுவது ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரைக்கு. அதாவது எலும்பு உள்ளுக்குள் செல்லரித்த உத்தரம் மாதிரி ஆகிவிடுவது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதுவரை எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போட்டிருந்தது அதுதான். கடிவாளம் போன பிறகு வருகிற ஐந்தாறு வருஷத்தில் இழப்பு வேகமாக இருக்கும். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வைத்த அளவு.

இது வலிக்காது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைவதோ, முதுகெலும்பு அமுங்கிக் கூன் விழுவதோ, இடுப்பு எலும்பு முறிவதோதான் பல பேருக்கு முதல் அறிகுறி. வலியே இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தை முட்டி வலியை வைத்து எடைபோடாதீர்கள், பிபி மாத்திரை போட்டதும் கண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பது மாதிரி ஆகிவிடும். வேலை செய்கிறதா என்பதை ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க முடியும். முட்டிக்குத் தனியாக வைத்தியம் பாருங்கள், ஆனால் கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி இதோடு சேர்த்துப் போட்டால் வயிறு இரட்டிப்பாகக் கெடும்.

ஒன்றைக் கவனியுங்கள். வலி முன்பிருந்தே இருந்ததா, இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்ததா? சிலருக்கு இந்த மருந்தே எலும்பிலும் தசையிலும் கடுமையான வலி கொடுக்கும், அது அபூர்வம்தான், ஆனால் அப்படி என்றால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பிரண்டைத் துவையல் எனக்கும் பிடிக்கும், நல்லெண்ணெயில் நாக்கு அரிக்காமல் வதக்கினால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாமும் சாப்பிடுங்கள், உங்கள் வயதில் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை, 100 கிராம் கேழ்வரகிலேயே 300-க்கு மேல் கிடைக்கும். ஆனால் துவையல் சாப்பிட்டு இடுப்பு எலும்பு முறிவது குறைந்தது என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை, அலென்ட்ரோனேட்டுக்கு அந்த நிரூபணம் உண்டு. துவையலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஓரகத்தி அடுத்தபடியாக மூட்டுவலிக்கு என்று பேர் இல்லாத பொட்டலத்தில் ஏதாவது பொடி கொண்டுவந்தால் மட்டும் வாங்காதீர்கள், அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது, எலும்பைக் கரைப்பதில் ஸ்டீராய்டை மிஞ்ச ஆள் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. ஆறு மாதத்துக்கு ஒன்று என்று டெனோசுமேப் ஊசி இரண்டு போட்டாயிற்று. மூன்றாவது போட வேண்டிய நேரத்தில் அண்ணன் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், இப்போதுதான் திரும்பியிருக்கிறார்கள், கடைசி ஊசி போட்டு எட்டரை மாதம் ஆகிறது. "வந்த களைப்பு தீரட்டும், பொங்கல் முடிந்து போட்டுக்கலாம்" என்கிறார். தள்ளலாமா?
— மகள், கோவை

தள்ளாதீர்கள் தங்கச்சி. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

இந்த ஊசியைப் பற்றி ஜனங்களுக்குச் சரியாகச் சொல்லப்படாத விஷயமே இதுதான், எனக்கு அதில் கோபம் உண்டு. வார மாத்திரையான அலென்ட்ரோனேட் எலும்புக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கும், நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போனால் பெரிய ஆபத்து இல்லை. டெனோசுமேப் அப்படி எலும்பில் தங்காது. ஆறு மாதம் எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டிப்போடும், கட்டு அவிழ்ந்ததும் அத்தனை நாள் பட்டினி கிடந்தது மாதிரி அவை மொத்தமாகப் பாயும். சம்பாதித்த எலும்பு அடர்த்தி மளமளவென்று இறங்கும், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் முதுகெலும்பு முறியும். கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவே கூடாது என்பது அதனால்தான்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மா இப்படித்தான், பேரன் கல்யாணம், அலைச்சல் என்று ஊசியை விட்டுவிட்டார். துணி வாளியைத் தூக்கினார், முதுகில் "சுளுக்கு" பிடித்தது, பத்து நாள் தைலம் தேய்த்தார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்தால் மூன்று இடத்தில் முதுகெலும்பு அமுங்கியிருந்தது. ஊசி நின்றால் இப்படி ஆகும் என்று எங்கள் ஜன்னலிலும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான் உட்பட.

அதனால் அம்மாவிடம் புதிதாக முதுகுவலி இருக்கிறதா, உயரம் குறைந்த மாதிரி தெரிகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஊசி போடும் முன் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்களில் ரத்தத்தில் கால்சியம் இறங்கலாம்: உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் குறுகுறுப்பு, கெண்டைக்கால் இழுப்பு. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு, முக்கியமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, இது உயிருக்கே ஆபத்தாகப் போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜனவரியில் இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்தின் மேல் போட வைத்தது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

செலவு கட்டுப்படியாகவில்லை, ஊசி வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி, சும்மா நிறுத்திவிட முடியாது. நிறுத்துவதற்கு முன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், பெரும்பாலும் அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரை அல்லது ஜோலெட்ரோனிக் ஆசிட் டிரிப். அப்புறம், ஊசியை நீங்களே வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் ஐஸ் பாக்ஸில் கொண்டுபோங்கள், வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதைப் போடக்கூடாது. அடுத்த தடவை அண்ணன் வீட்டுக்கு டிக்கெட் போடும் முன் ஊசித் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வருஷமாக வார மாத்திரை சாப்பிடுகிறேன். கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்க வேண்டும். பல் டாக்டர் "தாடை எலும்பு செத்துப்போகும்" என்று பயமுறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.
— வாசகி, திண்டுக்கல்

அவர் சொன்ன ஆபத்து நிஜம், அளவுதான் பெரிதாகிவிட்டது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் தாடை எலும்பு பாதிப்பு வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர் வரைதான். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே குடும்பத்து மருந்தை அடிக்கடி, அதிக அளவில் ஏற்றுகிறார்கள், அதிகமாக வருவது அவர்களுக்கு. சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பதும் தாடைக்கு நல்லதில்லை. உங்கள் எலும்பு டாக்டரிடம் என்ன மருந்து, எத்தனை வருஷம் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு வேறொரு பல் டாக்டரிடம், முடிந்தால் வாய் அறுவை சிகிச்சை தெரிந்தவரிடம், போங்கள். பிடுங்கிய இடம் சில வாரம் ஆகியும் ஆறாமல் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். இன்னும் மருந்து ஆரம்பிக்காதவர்கள் ஆட்டம் கொடுக்கும் பல், சொத்தைப் பல் வேலையை எல்லாம் முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன், யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை. சீட்டைக் காட்டினால் கடைக்காரர் கொடுக்கிறார். கொஞ்ச நாளாக வலது தொடையில் ஒரு மந்தமான வலி.
— வாசகி, கும்பகோணம்

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். தொடையிலோ கவட்டிலோ அடிபடாமல் வருகிற மந்தமான வலி, அதுவும் பல வருஷமாக இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு என்றால், தொடை எலும்பில் மெல்லிய கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அபூர்வம்தான், இந்த மருந்தால் முறியாமல் காப்பாற்றப்படும் இடுப்புகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் கீறல் விழுந்தவர்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலி முன்கூட்டியே மணியடிக்கும், அதை வாய்வுப் பிடிப்பு என்று விட்டுவிட்டால் ஒரு நாள் சும்மா நடக்கும்போதே முறிந்துவிடும். எலும்பு டாக்டரிடம் போய் இரண்டு தொடையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கும் வரை அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம், மாடிப்படி, நீண்ட நடை இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு: மாத்திரை என்றால் ஐந்து வருஷம், வருஷம் ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் என்றால் மூன்று வருஷம் ஆனதும், தொடரலாமா, இடைவெளி விடலாமா என்று டாக்டர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், ஸ்கோர் இன்னும் மோசமாக இருப்பவர்கள் தொடர வேண்டியிருக்கும், மற்றவர்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். இந்த ஓய்வு டெனோசுமேப் ஊசிக்கு இல்லை, மேலே கோவைக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டையே கடையில் நீட்டி வருஷக்கணக்கில் வாங்குவது இந்த மருந்துக்கு ஆகாது.

கேள்வி: வைட்டமின் டி 60,000 பொடியைத் தினம் பாலில் போட்டுக் குடிக்கிறேன், உடம்புக்கு நல்லதுதானே?
— வாசகி, வேலூர்

தினமா? நிறுத்துங்கள். அது வழக்கமாக வாரம் ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், புத்தி மந்தமாவது என்று ஏதாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிடுங்கள். கால்சியம் மாத்திரையும் கூடவே போடுகிறீர்கள் என்றால் நாளைக்கே பாருங்கள்.

கேள்வி: என் மனைவி மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக வாசலுக்குப் போய்க் குனிந்து கோலம் போடுகிறாள். நிமிர்ந்து இருக்கச் சொன்னால் "நின்னுகிட்டுத்தானே இருக்கேன்" என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகர், மயிலாப்பூர்

நீங்கள் சொல்வதுதான் சரி. குனிந்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். சாமி முன்னால் விழுந்து கும்பிடுவதும், சூரிய நமஸ்காரமும் அந்த அரை மணிக்குள் வேண்டாம். இடுப்பை மடித்துக் கால் விரலைத் தொடுகிற ஆசனங்களை எலும்புப்புரை உள்ளவர்கள் எந்த நேரத்திலுமே டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது, முதுகெலும்பின் முன்பக்கம் அமுங்க அது போதும்.

வாரத்தில் ஒரு நாள்தானே, அன்றைக்குக் கோலத்தை நீங்கள் போடுங்களேன் சார். நாலு புள்ளி நாலு வரிசை போதும்.